டி.ஏ. எத்தனை சதவீதம் ஏறும்? நீங்களே போட்டுப் பாருங்கள்

ஜனவரியும் ஜூலையும் நெருங்கினால் போதும், எங்கள் மத்திய அரசு ஓய்வூதியர் வாட்ஸ்ஆப் குழுவில் டி.ஏ. (விலைவாசிக்கு ஏற்றபடி ஏறும் அகவிலைப்படி) பற்றி "இந்தத் தடவை நாலு சதவீதம் உறுதி" என்று ஆருடம் கிளம்பிவிடும். கும்பகோணத்தில் அஞ்சலகக் கணக்குப் பிரிவில் காலம் தள்ளிய எனக்கு இதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஒரு தாளும் கால்குலேட்டரும் போதுமே!

முதலில் தேவை பன்னிரண்டு எண்கள். தொழிலாளர் பணியகம் மாதாமாதம் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடுதான் அவை. நாடு முழுக்க 88 தொழில் நகரங்களில், 317 சந்தைகளில் விலை விசாரித்து எடுக்கும் கணக்கு. ஜனவரி டி.ஏ.வுக்கு முந்தைய ஜனவரி முதல் டிசம்பர் வரை, ஜூலை டி.ஏ.வுக்கு முந்தைய ஜூலை முதல் ஜூன் வரை.

2024ஆம் வருடத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் 138.9, பிப்ரவரி 139.2, மார்ச் 138.9, ஏப்ரல் 139.4, மே 139.9, ஜூன் 141.4, ஜூலை 142.7, ஆகஸ்ட் 142.6, செப்டம்பர் 143.3, அக்டோபரும் நவம்பரும் 144.5, டிசம்பர் 143.7. கூட்டினால் 1,699. பன்னிரண்டால் வகுத்தால் 141.58. இது 2016ஐ 100 என்று வைத்த புதுக் குறியீடு. ஏழாவது ஊதியக்குழுச் சூத்திரமோ பழைய 2001 குறியீட்டில் நிற்கிறது. அதனால் 2.88ஆல் பெருக்க வேண்டும்: 407.76. அதிலிருந்து 261.42ஐக் கழித்து, அதே 261.42ஆல் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 261.42 என்பது 2016 ஜனவரியில் புதுச் சம்பளம் அமலாவதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களின் சராசரிக் குறியீடு.

விடை 55.98. வந்த டி.ஏ. 55. ஆமாம், 56 இல்லை. புள்ளிக்குப் பிறகு என்ன இருந்தாலும் வெட்டிவிடுவார்கள். அந்த 0.98 போனதற்காக அப்போது குழுவில் ஒரே புலம்பல். ஆனால் அது ஒரேயடியாகப் போய்விடாது. ஒவ்வொரு முறையும் கணக்கு 261.42இலிருந்து புதிதாகத் தொடங்குகிறதே தவிர, போன முறை கொடுத்த 55இலிருந்து இல்லை. அடுத்து 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான சராசரி 143.57. போட்டால் 58.16. கொடுத்தது 58. விலை ஏறியது இரண்டு புள்ளிச் சொச்சம், நமக்கு ஏறியது மூன்று. ஆறு மாதம் காக்க வைத்தார்கள், அவ்வளவுதான். அந்த ஆறு மாதத்துக் காசு வராது என்பது வேறு விஷயம்.

சரி, சதவீதம் கிடைத்தது. இனி ரூபாய்க்கு வருவோம். பெரிய கோளாறு நடக்கும் இடம் இதுதான். டி.ஏ.வை அடிப்படை ஓய்வூதியம் முழுவதின் மேல் போட வேண்டும். கம்முடேஷன் (ஓய்வு பெறும்போது மொத்தப் பணமாக வாங்கிக்கொண்ட பகுதி) கழித்த மிச்சத்தின் மேல் அல்ல. அடிப்படை 18,500 என்று வையுங்கள். 40 சதவீதம் கம்முடேஷன் போக மாதம் வருவது 11,100. 58 சதவீத டி.ஏ. 18,500க்குப் போட்டால் 10,730. 11,100க்குப் போட்டால் வெறும் 6,438. மாதம் 4,292 ரூபாய் வித்தியாசம்! என் பழைய சகா ஒருவருக்கு ஒரு வங்கி இப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தது. பி.பி.ஓ. எனும் ஓய்வூதிய ஆணையின் நகலோடு போய் நின்ற பிறகு நிலுவையோடு சரிசெய்தார்கள். ஆகவே பி.பி.ஓ.வில் அடிப்படை என்ன, கம்முடேஷன் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பைசாவில் வந்தால் அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றித் தர வேண்டும், அதையும் பாருங்கள்.

சூத்திரம் இருப்பதால் பணம் தானாக வந்துவிடாது. அமைச்சரவை ஒப்புதலும் ஆணையும் வேண்டும். 2025 ஜூலைக்கான உயர்வுக்கு அக்டோபர் 1ஆம் தேதிதான் ஒப்புதல் வந்தது. இடைப்பட்ட மாதங்களுக்கு நிலுவை. கொரோனாவில் மூன்று தவணைகளை நிறுத்தி வைத்து, 2021 ஜூலையில் 17இலிருந்து 28க்குத் தூக்கினார்கள். அந்தப் பதினெட்டு மாத நிலுவை வரவே இல்லை. தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கும் சதவீதம் பெரும்பாலும் இதேதான், ஆணை கொஞ்சம் பின்னால் வரும்.

இன்னொன்று: டி.ஏ. விலையை மட்டும்தான் துரத்துகிறது. வேலையில் இருப்பவர்களின் சம்பள மட்டம் மேலே போனால் நம் ஓய்வூதியம் அதைத் தொடுவது ஊதியக்குழு வரும்போது மட்டுமே. எட்டாவது குழு அமைத்தாகிவிட்டது. அதன் பரிந்துரை அமலாகும்போது 261.42உம் மாறும்.

அப்புறம், பி.எஃப். ஓய்வூதியக்காரர்கள். பக்கத்து வீட்டு அண்ணன் நூற்பாலையில் இருந்தவர். "நமக்கு எப்போ சார் டி.ஏ.?" என்பார். இ.பி.எஸ். எனும் அந்த பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் டி.ஏ. கிடையாது. குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 என்று வைத்தது 2014 செப்டம்பரில். பி.எஃப். சம்பள உச்சவரம்பை 15,000 ஆக்கியதும் அப்போதுதான். பெரும்பாலோருக்கு இந்த வரம்பை வைத்தே ஓய்வூதியம் கணக்கிடுவதால், அவர்கள் அதற்கு மேல் எவ்வளவு சம்பளம் வாங்கியிருந்தாலும் 35 வருடச் சேவைக்கு 7,500தான்.

ஆனால் அவரும் இதே குறியீட்டை வைத்துத் தன் நிலையை அளக்கலாம். 2014 செப்டம்பரில் பழைய குறியீடு 253. 2025 ஜூனில் புதுக் குறியீடு 145, 2.88ஆல் பெருக்கினால் 417.6. இதை 253ஆல் வகுத்தால் 1.65. அன்றைய ஆயிரத்துக்கு வாங்கிய சாமானை 2025 ஜூனில் வாங்க 1,650 வேண்டியிருந்தது. உச்சவரம்பு விலையோடு நடந்திருந்தால் 24,750 பக்கம் வந்திருக்கும். முதியோர் உதவித்தொகைக்கும் இதே வழிதான்: 1,200 ஆன 2023 ஆகஸ்டில் குறியீடு 139.2, இரண்டுமே புதுக் குறியீடு என்பதால் 2.88 வேண்டாம், 145ஐ நேரே 139.2ஆல் வகுத்து 1,200ஆல் பெருக்கினால் 1,250 வருகிறது. அண்ணன் தன் கணக்கைத் தாளில் எழுதி வாங்கிப் போனார், சங்கத்து மனுவில் சேர்க்கிறாராம்.