எம்பிராய்டரி டிசைன் ஃபைலை ஆன்லைனில் விற்க: விவரம் எழுதும் முறை

திருப்பூரில் எம்பிராய்டரி யூனிட்டுகளுக்குப் பஞ்சிங் (வரைந்த டிசைனை மெஷின் தைக்கும் ஃபைலாக மாற்றுவது) செய்து கொடுத்த பலர் இப்போது டிசைன்களை ஃபைலாகவே ஆன்லைனில் விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். நானும் அந்த வழியில் வந்தவள்தான். பகலில் ஜாப் ஒர்க் பஞ்சிங், ராத்திரியில் கல்யாண பிளவுஸ் டிசைன்கள் என்று இரண்டும் ஓடுகிறது. டிசைன் போடுவதில் நம் ஆட்களுக்கு ஈடே இல்லை. ஆனால் அந்த டிசைனுக்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்தால் மனசு கேட்பதில்லை. ‘அழகான மயில் டிசைன், உயர்ந்த தரம், உடனே டவுன்லோடு செய்யுங்கள்’ என்று இருக்கும். வாங்குபவருக்குப் பயன்படும் தகவல் இதில் ஒன்றுகூடக் கிடையாது.

துணி வாங்க வருபவர் விரலால் தேய்த்துப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், துணியின் கனத்தை அறிய ஜிஎஸ்எம் கட்டரில் ஒரு வட்டம் வெட்டி எடை போட்டும் பார்ப்பார். ஃபைலை அப்படிப் பார்க்க வழியே இல்லை. பணம் கட்டிய பிறகுதான் அது கைக்கு வருகிறது. தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாவற்றையும் நம் எழுத்துதான் சொல்லியாக வேண்டும்.

எழுத உட்காரும் முன் ஒரு ஆளை மனதில் வையுங்கள். எனக்கு அது கோபிப் பக்கம் வீட்டிலேயே ஒற்றை ஊசி மெஷின் வைத்து, அக்கம்பக்கத்தாருக்குக் கல்யாண பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் ஓர் அக்கா. இப்படிப்பட்டவர்கள் வாட்ஸ்அப்பில் முதலில் கேட்பது ஒன்றுதான்: “ஏனுங்க, இது என்ற மெஷின்ல ஓடுமுங்களா?” டிசைன் அழகா என்று யாரும் கேட்பதில்லை, அதைத்தான் படத்தில் பார்த்துவிட்டார்களே. ஆகவே விவரத்தின் முதல் இரண்டு வரியிலேயே இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கட்டும். மொபைலில் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் தொடக்க வரிகள் மட்டுமே கண்ணில் படும், மிச்சத்தைப் பார்க்க இன்னொரு முறை தட்ட வேண்டும். அந்த இடத்தை ‘எங்கள் கடைக்கு வருக வருக’ என்று வீணடிக்காதீர்கள்.

‘ஓடுமா’ என்பதில் ஃபார்மட், அதாவது ஃபைலின் வகை, முதல் விஷயம். டிஎஸ்டி என்று மட்டும் போட்டால் தஜிமா மாதிரிப் பல தலை மெஷின் ஓட்டும் யூனிட்காரருக்குப் புரிந்துவிடும். வீட்டு மெஷின்காரருக்கு அது போதாது. பிரதர் மெஷினுக்கு பிஇஎஸ், ஜனோம் மெஷினுக்கு ஜேஇஎஃப் என்று மெஷின் பெயரையும் ஃபார்மட்டையும் சேர்த்தே எழுதுங்கள். டிஎஸ்டி ஃபைலில் நூல் கலர் பதிவாகாது, எந்த இடத்தில் நூல் மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கும். திரையில் மயில் சிவப்பும் கறுப்புமாகத் தெரிந்தால், புதிதாக வாங்கியவர் ஃபைலே தப்பு என்று பயந்துபோவார். ‘டிஎஸ்டியில் கலர் வேறு மாதிரி தெரியும், கூடவே உள்ள பிடிஎஃப் சார்ட்டைப் பார்த்து நூல் போடுங்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தப் பயம் வராது.

அடுத்தது அளவு. இதை மில்லிமீட்டரில் எழுதச் சொல்லி எல்லோரிடமும் மன்றாடுவேன். 4 இன்ச் என்பது 101.6 மி.மீ. ஆனால் 4க்கு 4 என்று சொல்லும் ஹூப்பில் (துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்) தைக்க முடிவது 100க்கு 100 மி.மீ. மட்டுமே. அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்காகவே மெஷின் ஃபைலை ஏற்காமல் போகும். அதேபோல 5க்கு 7 ஹூப்பில் தைக்க முடிவது 130க்கு 180 மி.மீ. டிசைனின் அகலம், உயரம், எந்த ஹூப்பில் அடங்கும் என்ற மூன்றையும் ஒன்றாகக் கொடுங்கள். பிளவுஸ் முதுகுக் கழுத்து என்றால் எத்தனை முறை ஹூப் மாற்றிக் கட்ட வேண்டும், கழுத்து ஆழம் எத்தனை இன்ச், கைக்கான டிசைன் சேர்த்தியா தனியா என்பதும் வேண்டும். தையல்காரர் துணியில் சாக்பீஸ் வைப்பதற்கு முன்பே இதெல்லாம் தெரிந்தாக வேண்டும்.

பெரிதாக்கலாமா, சிறிதாக்கலாமா என்று நிச்சயம் கேட்பார்கள். மெஷின் திரையிலேயே அளவை மாற்றும்போது, பல மெஷின்களில் ஸ்டிட்ச் எண்ணிக்கை அப்படியே இருந்துவிடும். பெரிதாக்கினால் தையல் விலகித் துணி தெரியும், சிறிதாக்கினால் நெருங்கி நூல் அறுபடும். நான் ‘10 சதவீதத்துக்கு மேல் மாற்ற வேண்டாம், வேறு அளவு வேண்டுமானால் கேளுங்கள்’ என்றே எழுதுகிறேன். முடியாததைத் தெளிவாகச் சொல்லும் விற்பனையாளரை வாங்குபவர் நம்புவார், இது என் உறுதியான எண்ணம்.

ஸ்டிட்ச் எண்ணிக்கையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தைத்துக் கொடுத்துக் கூலி வாங்குபவருக்கு அதுதான் கணக்கு, ஆயிரம் ஸ்டிட்சுக்கு இவ்வளவு என்றுதான் நம் ஊரில் ரேட் பேசுகிறோம். கூடவே நேரத்தையும் போட்டுக் கொடுங்கள். 15,000 ஸ்டிட்ச் என்றால் நிமிடத்துக்கு 600 வேகத்தில் 25 நிமிடம், நூல் மாற்றும் நேரம் தனி. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி பிளவுஸை முடிக்கப் போராடுகிறவருக்கு இந்த வரி பெரிய உதவி.

அப்புறம் துணி. எந்தத் துணியில் தைத்துப் பார்த்தீர்கள், அடியில் எந்தப் பேப்பர் வைத்தீர்கள் என்பதை எழுதுங்கள். பனியன் துணி இழுபடும் என்பதால் அதற்குக் கட் அவே பேப்பர் (தைத்த பின் ஓரத்தைக் கத்தரிப்பது), இழுபடாத காட்டனுக்குப் பெரும்பாலும் டியர் அவே பேப்பர் (தைத்த பின் கிழித்தெடுப்பது) போதும். ஜரிகை நூல் என்றால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். படத்தைப் பற்றியும் ஒளிக்க வேண்டாம். சாஃப்ட்வேர் காட்டும் படத்தை மட்டும் போட்டுவிட்டு ‘தைத்தால் இப்படியே வரும்’ என்று எழுதுவது சரியில்லை. ஒரு துண்டுத் துணியிலாவது தைத்து, அந்தப் படத்தைப் போட்டு, ‘ரா சில்க்கில் தைத்தது’ என்று அடியில் எழுதுங்கள். தைத்துப் பார்க்காத டிசைனை விற்கவே கூடாது என்பேன்.

இவ்வளவையும் சேர்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி:

‘மயில் முதுகுக் கழுத்து டிசைன். பிரதர் (பிஇஎஸ்), ஜனோம் (ஜேஇஎஃப்), கமர்ஷியல் மெஷின் (டிஎஸ்டி) மூன்றுக்கும் ஃபைல் உண்டு. 130 × 180 மி.மீ. ஹூப் தேவை, 4க்கு 4 ஹூப்பில் வராது. இடப்பாதி, வலப்பாதி என 2 ஃபைல், ஒவ்வொன்றும் 118 × 172 மி.மீ. ஒரு பாதிக்கு 15,000 ஸ்டிட்ச், 4 கலர், சுமார் 25 நிமிடம். கழுத்து ஆழம் 6 இன்ச். இரண்டு பாதியும் சேரும் இடத்துக்கு மார்க்கிங் கோடு உள்ளே இருக்கிறது. ரா சில்க்கில் 40ஆம் நம்பர் நூலில் தைத்துப் பார்த்தது. கை டிசைன் இதில் இல்லை. பிளவுஸ் கட்டிங் பேட்டர்னும் இல்லை.’

கடைசி இரண்டு வரியைக் கவனியுங்கள். என்ன இல்லை என்பதை எழுதத் தயங்காதீர்கள். ‘தபாலில் எதுவும் வராது, இது டவுன்லோடு ஃபைல்’ என்பதையும் தனி வரியாகப் போடுங்கள். கூரியர் எப்போது வரும் என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. ஜிப் ஃபைலைப் பிரித்து, தன் மெஷினுக்கான ஃபைலை மட்டும் பென்டிரைவில் ஏற்ற வேண்டும் என்ற வழியையும் சொல்லிவிடுங்கள். எட்சி என்ற ஆன்லைன் சந்தையில் ஒரு பொருளுக்கு 5 ஃபைல்தான் ஏற்றலாம், ஒவ்வொன்றும் 20 எம்பிக்குள் இருக்க வேண்டும். ஃபார்மட்டுக்கு ஒரு ஜிப் என்று பிரித்து, எந்த ஜிப்பில் என்ன இருக்கிறது என்று எழுதினால் குழப்பம் வராது.

உரிமை பற்றி இரண்டு வரி போதும்: இதைத் தைத்து பிளவுஸாக விற்கலாம், ஃபைலை அடுத்தவருக்குக் கொடுக்கவோ விற்கவோ கூடாது. கார்ட்டூன் பொம்மைகள், கம்பெனி லோகோக்கள் பக்கமே போகாதீர்கள், அவை நம்முடையவை அல்ல.

‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டால் தப்பித்தோம் என்று சிலர் நினைக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020 டிஜிட்டல் பொருட்களுக்கும் பொருந்தும். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. விவரம் சரியாக இருப்பதுதான் நமக்கும் பாதுகாப்பு.

தலைப்பில் மக்கள் தேடும் சொற்களையே வையுங்கள். ‘பீகாக் பேக் நெக் பிளவுஸ்’ என்று தேடுகிறவர்கள் ‘கலைநயமிக்க மயூரம்’ என்று தேட மாட்டார்கள். வெளிநாட்டிலும் விற்பதானால் ஆங்கிலத்தில் எழுதி, கீழே தமிழிலும் கொடுங்கள்.

ஏற்றிய பிறகும் வேலை இருக்கிறது. ஒரே கேள்வியை வேறு வேறு ஆட்கள் கேட்டால், பதிலை மெசேஜில் மட்டும் அனுப்பாமல் விவரத்திலும் சேருங்கள். ஃபைலில் எதையாவது திருத்தினால் தேதி போட்டு, ‘மயில் கழுத்தில் நூல் அறுபட்டது சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் புது ஃபைலை அனுப்பிவிடுங்கள்.