பேனல் பாக்ஸ் கதவுல ஜன்னல் ஒட்ட எந்த பசை? ஆன்லைன் டூல் வெச்சு தேடுற முறை, முதல்ல இருந்து

போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பாக்ஸ் எல்லாரும் பாத்திருப்பீங்க, கதவுல மீட்டர் தெரியறதுக்கு சின்னதா ஒரு ஜன்னல் வெச்சிருப்பாங்க. எங்க பட்டறையில அதை முன்னாடி நாலு ஸ்க்ரூ போட்டுதான் மாட்டிட்டு இருந்தோம், ஓட்டை வழியா மழைத்தண்ணி உள்ள இறங்குதுன்னு கஸ்டமர் வந்து சொன்னதும் சரி ஒட்டியே பாத்துடலாம்னு கைக்கு கிடைச்ச சூப்பர் க்ளூவ தடவி ஒட்டிட்டோம். மறுநாள் காலையில ஓரமெல்லாம் வெள்ளையா பூத்து கிடந்துச்சு. கொஞ்ச நாள்ல மூலையில இருந்து முடி மாதிரி விரிசல் ஓட ஆரம்பிச்சு பாக்ஸ் ஒவ்வொண்ணா திரும்பி வந்துச்சு. பசை நல்ல பசைதான், ஜன்னலுக்கு போட்டிருந்த பாலிகார்பனேட்ங்கிற பிளாஸ்டிக்குக்குதான் அது ஒத்துக்கல. இது தெரியாம நாங்க காசையும் பேரையும் கெடுத்துக்கிட்டோம், நீங்க அப்படி ஆகிடக்கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

பசை கம்பெனிங்க வெப்சைட்லயே பசை தேர்வு பண்ற டூல் ஃப்ரீயா இருக்கு. ஆனா அதை திறந்து சும்மா "பிளாஸ்டிக்", "மெட்டல்"னு க்ளிக் பண்ணா நாப்பது அம்பது பசை பேர் வந்து நிக்கும், தலை சுத்தும். அதனால லேப்டாப்ப மூடி வெச்சுட்டு ஆரம்பிப்போம்.

ஸ்டெப் 1: முதல்ல ஒரு பேப்பர் எடுங்க

என்னத்த என்னத்தோட ஒட்டுறோம், அதை எழுதுங்க. இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. எங்க கேஸ்ல "இரும்பு"ன்னு எழுதுனா தப்பு, ஏன்னா பசை இரும்ப தொடவே போறதில்ல, அது மேல இருக்கிற பவுடர் கோட்டிங்கைத்தான் (பவுடரா தெளிச்சு சூட்டுல உருக்கி பிடிக்க வெக்கிற பெயிண்ட்) தொடும். அடுத்தது, "பிளாஸ்டிக்"னு எழுதுனா பத்தாது, எந்த பிளாஸ்டிக்னு தெரியணும். அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். துண்டு ஷீட்ட வளைச்சா அக்ரிலிக் பட்டுனு உடையும், பாலிகார்பனேட் வளைஞ்சு குடுக்கும். சந்தேகமா இருந்தா ஷீட் வாங்குன கடையில கேட்டு பில்லுல எழுதி வாங்கிடுங்க.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னா, ஒவ்வொரு மேற்பரப்புக்கும் சர்ஃபேஸ் எனர்ஜின்னு ஒண்ணு இருக்கு. அது அதிகமா இருந்தா பசை நல்லா பரவி உக்காரும், கம்மியா இருந்தா தாமரை இலை மேல தண்ணி மாதிரி உருண்டு நிக்கும். இதை அளக்குற அலகு டைன், சென்டிமீட்டர் கணக்குல; சுத்தமான அலுமினியத்துக்கு இது 800 டைனுக்கு மேல, பாலிகார்பனேட்டுக்கு சுமார் 42, பவுடர் கோட்டிங்குக்கு 37 பக்கம், பாலிப்ரொப்பிலீனுக்கு 29, டெஃப்லானுக்கு வெறும் 18தான். ஆக வெறும் இரும்புன்னு நினைச்சு பசை வாங்குனீங்கன்னா நூத்துக்கணக்குல இருக்கிற மேற்பரப்புக்கு வாங்குறீங்க, ஆனா ஒட்டப்போறது 37ல. பவுடர் கோட்டிங்ல ஆளாளுக்கு ஒரு ஃபார்முலா வேற, அதனால இந்த நம்பர் கூடக்குறைய இருக்கும். வீட்டுலயே பாக்கணும்னா துடைச்ச இடத்துல ஒரு சொட்டு தண்ணி விட்டு பாருங்க, பரவுதா உருளுதான்னு தெரிஞ்சிடும்.

அடுத்து இதையும் அந்த பேப்பர்லயே எழுதிடுங்க: எவ்ளோ சூடு, தண்ணி படுமா, வெயில் படுமா, எவ்ளோ எடை, இழுவை எந்த பக்கம், ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி, காய எவ்ளோ நேரம் காத்திருக்க முடியும். எங்க பாக்ஸ் கிணத்து மேட்டுல வெயில்லயே கிடக்கும், 70 டிகிரி வரைக்கும் போகும்னு வெச்சுக்கிட்டோம்.

ஸ்டெப் 2: எந்த டூல்

புதுசா கத்துக்கிறவங்க திஸ் டு தட்னு ஒரு சின்ன வெப்சைட் இருக்கு, அதுல விளையாடிப் பாருங்க. இதை அதோட ஒட்டணும்னு ரெண்டு பெட்டியில தேர்வு பண்ணா என்ன வகை பசைன்னு சொல்லும், வீட்டு வேலை அளவுக்கு அது போதும். தொழில் வேலைக்கு ஹென்கெல் சைட்லயும் த்ரீஎம் சைட்லயும் போங்க. ஹென்கெல்ல லாக்டைட் வரிசை முழுசும் இருக்கு, டேப் வேணும்னா த்ரீஎம். ரெண்டுலயும் நாடு இந்தியான்னு இருக்கான்னு மொதல்ல பாத்துக்கோங்க, இல்லன்னா அமெரிக்காவுல மட்டும் விக்கிற சாமானை காட்டும், நீங்க கடை கடையா அலையணும்.

நட்டு போல்ட் லூஸ் ஆகாம இருக்கறதுக்கு பசை தேடுறவங்களுக்கு வேலை சுலபம், ரெண்டு பக்கமும் உலோகம், கையால கழட்டணுமா வேணாமான்னுதான் கேள்வி. சின்ன ஸ்க்ரூவுக்கு லாக்டைட் 222, சாதாரண ஸ்பானர்ல கழட்டணும்னா 243, இனி கழட்டவே போறதில்லன்னா 271, அவ்ளோதான். ஜன்னல் ஒட்டுறதுதான் பாடு.

ஸ்டெப் 3: ஃபில்டர் போடுறது

எல்லா ஃபில்டரையும் ஒரே நேரத்துல போடாதீங்க, கடைசியில ஒண்ணுமே வராது, டூல் வேஸ்ட்டுன்னு மூடிடுவீங்க. முதல்ல ரெண்டு மெட்டீரியல் மட்டும் போடுங்க. அப்புறம் சூடு. அப்புறம் வெளியில இருக்குமா உள்ள இருக்குமான்னு. ஒவ்வொரு தடவையும் எத்தனை குறையுதுன்னு கவனிச்சிட்டே வாங்க, எந்த கேள்வி போட்டதும் பாதி காலியாகுதோ அதுதான் உங்க வேலையில முக்கியமான விஷயம். நிறம், ட்யூப்பா பாட்டிலான்னு கேக்கறதெல்லாம் கடைசியில.

எங்களுக்கு இப்படி வடிகட்டுனதுல ரெண்டு கட்சி நின்னுச்சு, ரெண்டு பாகம் கலக்குற எபாக்சி ஒரு பக்கம், விஹெச்பின்னு த்ரீஎம் விக்கிற, ரெண்டு பக்கமும் ஒட்டுற ஃபோம் டேப் ஒரு பக்கம்.

ஸ்டெப் 4: டேட்டா ஷீட்ட படிங்க, விளம்பரத்த இல்ல

டூல் காட்டுற ஒவ்வொரு பேருக்கும் கீழ டெக்னிக்கல் டேட்டா ஷீட் பிடிஎஃப்பா இருக்கும். எபாக்சியோட ஷீட்ட திறந்தா முதல்லயே 25, 30 மெகாபாஸ்கல்னு பெருசா ஒரு பலம் போட்டிருப்பாங்க. அதை பாத்து மயங்கிடாதீங்க. கீழ இறங்கி பாருங்க, அந்த டெஸ்ட் ஏஎஸ்டிஎம் டி1002ங்கிற, ஒட்டுன ரெண்டு உலோகத் தகட்டை இழுத்துப் பாக்குற முறையில, ஆசிட்ல பதப்படுத்துன அலுமினியத்துல, 23 டிகிரி ரூம்ல எடுத்ததா இருக்கும். நம்ம கதவுல பசைக்கு முன்னாடி பவுடர் கோட்டிங்தான் உரிஞ்சு வரும். அதனால நீங்க தேட வேண்டியது உங்க மெட்டீரியல் பேர் இருக்கிற வரி, அப்புறம் சூடு ஏற ஏற பலம் எப்படி குறையுதுன்னு காட்டுற கிராஃப். அந்த ரெண்டும் இல்லாத ஷீட்டா இருந்தா கம்பெனிக்கு ஈமெயில் போட்டு கேளுங்க, கேக்க கூச்சப்படாதீங்க. அப்படியே சேஃப்டி ஷீட்டையும் ஒரு தடவை பாத்துடுங்க, கையுறை, காத்தோட்டம் எல்லாம் அதுலதான் இருக்கும்.

ஸ்டெப் 5: சின்னதா ஒரு கணக்கு

இதை எந்த டூலும் முழுசா போட்டு தரல, நாமதான் போடணும். வெயில்ல பாலிகார்பனேட் இரும்ப விட ரொம்ப விரியும். மேட்வெப்னு ஒரு சைட்ல விரிவு எண் கிடைக்கும், ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்துல பாலிகார்பனேட்டுக்கு சுமார் 70 பங்கு, இரும்புக்கு சுமார் 12 பங்கு. வித்தியாசம் 58. ஜன்னல் நீளம் 300 மில்லிமீட்டர், 30 டிகிரில ஒட்டி 70 வரைக்கும் சூடாகுதுன்னா 40 டிகிரி ஏத்தம், பெருக்குனா 0.7 மில்லிமீட்டர் வருது. தினமும் இவ்ளோ இழுபறி. எபாக்சி காய்ஞ்சா கல்லு மாதிரி, அதுவும் 0.2 மில்லிமீட்டர் கனத்துல தடவியிருப்போம், அந்த இழுவையெல்லாம் ஷீட்டோட மூலைக்குதான் போகும். விஹெச்பி டேப் தன்னோட கனத்துல மூணு மடங்கு வரைக்கும் பக்கவாட்டுல நகர்ந்து குடுக்கும், 1.1 மில்லிமீட்டர் டேப்னா 3.3. இந்த ஒரே கணக்குல எபாக்சி வெளியே போயிடுச்சு.

எடைக்கும் ஒரு வழி இருக்கு, ஒரு கிலோ நிரந்தர பாரத்துக்கு சுமார் 55 சதுர சென்டிமீட்டர் டேப்னு த்ரீஎம் சொல்றாங்க. 300க்கு 200, 3 மில்லிமீட்டர் கனம், நம்ம ஜன்னல் 216 கிராம்தான், 12 சதுர சென்டிமீட்டர் போதும். சுத்தி 12 மில்லிமீட்டர் அகல டேப் ஒட்டுனா 114 வருது, ஒன்பது மடங்கு தாராளம். டேப்லயும் நம்பர் பாத்து வாங்குங்க, பவுடர் கோட்டிங்குக்கு 5952, உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் நல்லா வேலை செய்யற 4950ஐ இங்க கொண்டு வராதீங்க. சொரசொரப்பான டெக்ஸ்சர் கோட்டிங்னா இன்னும் கனமான டேப் பாக்கணும்.

ஸ்டெப் 6: ஒட்டி, உரிச்சு பாருங்க

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து ரெண்டு பக்கமும் துடைங்க. தின்னரும் அசிட்டோனும் பாலிகார்பனேட் பக்கமே போகக்கூடாது, நூல் நூலா விரிசல் விட்டுடும். டேப் ஒட்டுனதும் ரோலர் வெச்சு நல்லா அழுத்துங்க. இருபது நிமிஷத்துல பாதி பலம், ஒரு நாள்ல 90 சதவீதம், முழுசா பிடிக்க 72 மணி நேரம் ஆகும், அதுக்குள்ள இழுத்துப் பாத்துட்டு ஒட்டலைன்னு சொல்லாதீங்க.

மூணு நாள் கழிச்சு சாம்பிள் பீஸ் நாலஞ்ச பகல்ல தகரக் கூரை மேலயும் ராத்திரி தண்ணி பக்கெட்லயும் போட்டு ஒரு வாரம் பாடா படுத்துங்க. அப்புறம் உரிச்சு பாருங்க. ஃபோம் நடுவுல கிழிஞ்சு ரெண்டு பக்கமும் டேப் மிச்சம் நின்னா ஆர்டர் போட்டுடலாம். ஒரு பக்கம் சுத்தமா வழுவழுன்னு வந்துடுச்சுன்னா துடைச்சதுல குறை, இல்ல அந்த மேற்பரப்புக்கு ப்ரைமர் (டேப்புக்கு முன்னாடி தடவுற பிடிப்பு பூச்சு) வேணும், மறுபடி ஸ்டெப் 3க்கு போகணும். கோட்டிங்கே டேப்போட உரிஞ்சு வந்தா டூல்ல தேடி பிரயோஜனம் இல்ல, அந்த பீஸ கையில எடுத்துக்கிட்டு நேரா பவுடர் கோட்டிங் போட்டவர்கிட்ட போங்க.