ஆக்சலாட்டல் ஒரு மாதிரியாக இருக்கிறதா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஆக்சலாட்டல் என்பது வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும் ஒரு சாலமாண்டர், அதாவது தவளை போல நீர்நில வாழ்வன இனம். அதற்கு உடம்பு சரியில்லை என்றால் செவுளும் வாலும்தான் காட்டிக்கொடுக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் உடனே மருந்துப் புட்டியைத் தேடுகிறார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கும்.

படி 1: இயல்பானது எது?

பகல் முழுக்க அடியில் அசையாமல் கிடக்கும். அவ்வப்போது செவுளைச் சிலுப்பும். நுரையீரலும் இருப்பதால், எப்போதாவது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். இதற்கெல்லாம் பதற வேண்டாம். அடிக்கடி மேலே போனால்தான் யோசிக்க வேண்டும்.

படி 2: வெப்பநிலை

இதன் பூர்வீகமான மெக்சிகோவின் சோச்சிமில்கோ கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே உள்ளது. அதனால் குளிர்ந்த தண்ணீர்தான் இதற்கு ஒத்துவரும். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரி. 24-ஐத் தாண்டினால் பசி குறையும், நோயும் எளிதில் தொற்றும். நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். போதாவிட்டால் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர்தான் வழி.

படி 3: டெஸ்ட் கிட்

தண்ணீரில் கழிவால் சேரும் பொருள்களை அளக்கும் பெட்டி இது. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்கு) இருக்க வேண்டும். முதல் இரண்டில் எது தென்பட்டாலும், குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையுள்ள தண்ணீரால் தொட்டியில் ஒரு பகுதியை மாற்றுங்கள். அப்புறம், ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும்.

படி 4: உடம்பைக் கவனியுங்கள்

செவுள் முன்பக்கம் வளைந்து, வால் நுனியும் சுருண்டிருந்தால் அது மன அழுத்தம். தண்ணீர் அளவுகள் சரியாக இருந்தும் இப்படி என்றால் ஃபில்டரின் வேகத்தைச் சந்தேகப்படுங்கள். தண்ணீர் விழும் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

மிதப்பதுதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. நினைத்தபோது கீழே இறங்க முடிகிறதென்றால் பிரச்சினை இல்லை. இறங்க முயன்றும் முடியாமல், சாப்பிடாமல், கழிவும் போகாமல் இருந்தால் மலச்சிக்கலாகவோ, கல் விழுங்கியதாகவோ இருக்கலாம். எதைக் கண்டாலும் உறிஞ்சி விழுங்கும் பிராணி இது! தொட்டியில் சிறு கற்களே வேண்டாம். நைஸ் மணல், இல்லையேல் வெறும் தரை. மிதப்பதைத் தனி டப்பாவில், ஆழம் குறைந்த குளிர்ந்த நீரில் வையுங்கள். தினமும் முழு நீரையும் மாற்ற வேண்டும். ஓரிரு நாள் தீனி இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு வழக்கமாகவே வாரம் 2–3 வேளை போதும்.

செவுளில் வெள்ளையாகப் பஞ்சு போல் படிந்தால் பூஞ்சை. அதற்கும் இதே தனி டப்பாதான். மீன் மருந்துகளை ஊற்றாதீர்கள். இதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும், தாமிரம் கலந்தவை கொன்றே விடும்.

கால் காணாமல் போனால் தொட்டித் துணை கடித்திருக்கும். இரண்டையும் பிரித்துவிடுங்கள், கால் மெல்ல முளைத்துவிடும்.

படி 5: மருத்துவர்

தோலில் சிவப்புத் திட்டு, வயிறு உப்பல், பரவும் பூஞ்சை, இறங்காத மிதப்பு என்றால் காத்திருக்காமல் நீர்நில வாழ்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். டெஸ்ட் கிட் எண்கள், வெப்பநிலை, கடைசியாக என்ன சாப்பிட்டது, இந்த மூன்றையும் குறித்து எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.