மாடித் தோட்டத்துச் சோம்பு: நாற்றுத் தட்டில் வீணாகும் ஒரு பருவம்

சென்ற தை மாதம் நண்பர் ஒருவர் தம் மாடித் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, முழங்கால் உயரத்தைக்கூட எட்டாமல் பூத்து நின்ற பன்னிரண்டு சோம்புச் செடிகளைக் காட்டி, எந்த உரம் குறைந்தது என்று கேட்டார். உரம் எதுவும் குறையவில்லை. நான் சோம்பு வளர்க்கத் தொடங்கிய ஆண்டில் செய்த அதே தவறை, நாற்று வளர்த்துப் பிடுங்கி நடும் தவறை, அவரும் செய்திருந்தார். தண்ணீர் விட மறப்பது, நிழல் மூலையில் வைப்பது போன்றவற்றை எவரும் தாமே கண்டுகொள்வர் என்பதால், அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

எந்த விதை?

மளிகைக் கடைச் சோம்பு முளைக்கவே முளைக்காது என்று சிலர் சொல்வது சரியன்று. ஆனால் பச்சை நிறம் மாறாமல், மெலிந்து, இனிப்பாக இருக்கும் சோம்பு, உணவுக்குப் பின் மெல்லுவதற்காக முற்றுமுன்பே பறிக்கப்படுவது. அதை விதைத்து ஏமாறாதீர்கள். பருத்து முற்றிய சோம்பில் இருபதை எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைத்து, இரண்டு வாரத்துக்குள் பாதியாவது முளைவிட்டால் விதைக்கலாம். அனிஸ் என்ற பெயரில் வரும் விதை வேறு செடியினுடையது. அது வெள்ளையாகப் பூத்து இரண்டடி அளவில் நின்றுவிடும். நம் சோம்பு மஞ்சளாகப் பூத்து ஐந்தடிக்கு மேலும் வளரும். அடுத்துச் சொல்லப்போவது இரண்டுக்கும் பொருந்தும்.

நாற்று வளர்த்துப் பிடுங்கி நடுவது

தக்காளிக்கும் கத்தரிக்கும் நாற்று விட்டுப் பழகிய கை, சோம்புக்கும் அதையே செய்யத் துடிக்கிறது. நானும் அப்படித்தான் ஓர் ஐப்பசியில், குழித்தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்பி நாற்பது விதைகளை ஊன்றி, அவை பசுமையான நூலிழைகளைப் போல எழுந்து நின்றதைக் கண்டு மகிழ்ந்து, ஒரு மாதம் கழித்துப் பெரிய பைகளுக்கு மாற்றினேன். இரண்டு வாரம் எந்தச் செடியும் அசையவில்லை. பிறகு ஒன்றரை அடி உயரத்தில் அவசரமாகப் பூத்து, உள்ளீடற்ற பதராகக் காய்த்து முடிந்தன. அதே நேரத்தில், விதையெடுக்கும்போது கைதவறிப் பழைய கீரைப் பையில் விழுந்த ஒரே ஒரு சோம்பு, யாரும் கவனிக்காமலே என் மார்பு உயரம் வளர்ந்து குடை குடையாகப் பூத்தது. பருவம் முடிந்ததும் இரண்டையும் பிடுங்கிப் பார்த்தேன்: தானாக முளைத்ததன் ஆணிவேர் முழங்கை நீளத்துக்கு நேராக இறங்கியிருந்தது, நட்டவற்றின் வேரோ, குழித்தட்டின் அடியில் சுருண்ட வடிவத்திலேயே தடித்துப்போயிருந்தது.

சோம்பு முளைத்த முதல் வாரங்களில் மேலே காட்டும் வளர்ச்சியைவிடக் கீழே இறக்கும் வேரே அதிகம். அந்த வேர் தடைபட்டாலோ அறுபட்டாலோ, செடி அதை நெருக்கடியாக உணர்ந்து, இலை பெருக்குவதை விட்டுவிட்டுப் பூக்க விரைகிறது. குஜராத்தில் நாற்று நட்டே விளைவிக்கிறார்களே என்று நண்பர் கேட்டார். உண்மைதான், அங்கே ஆனியில் நாற்று விட்டு, பருவமழையின் ஈரத்தில் ஆழமான நிலத்தில் நடுகிறார்கள். பிடுங்கிய வேர் மீண்டும் இறங்க இடமும் ஈரமும் மாதக்கணக்கில் கிடைக்கின்றன. மாடியில் இருக்கும் ஒரு பை மண்ணில் அந்த வசதி இல்லை.

இது இன்றும் என்னைக் கோபப்படுத்துவதற்குக் காரணம், சிறிய கறுப்புப் பைகளில் சோம்பு நாற்றை விற்கும் நாற்றுப் பண்ணைகளில் இதை யாரும் வாங்குபவருக்குச் சொல்லாததுதான். தக்காளி போய்விட்டால் அடுத்த மாதமே மீண்டும் விதைக்கலாம். சோம்புக்கான குளிர் பருவம் நமக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஆகவே செடி நிலைத்து நிற்கப்போகும் பையிலேயே, அரை அங்குல ஆழத்தில் மூன்று விதைகளை ஊன்றி, விரல் உயரம் வந்ததும் வலுவான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் அருகிலுள்ள வேரும் கலையும்.

பையின் ஆழம்

ஓரடிக்குக் குறையக் கூடாது.

கோடையில் விதைப்பது

வேண்டாம்.

பூவின் மேல் மருந்து

பூக்கும் காலத்தில் அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி கூட்டமாகப் படியும்போது, பதறிப்போய்க் காலையிலேயே வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிப்பவர்கள் தேனீக்களை விரட்டிவிடுகிறார்கள். சோம்பு காய் பிடிப்பது பெரிதும் அவற்றால்தான். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்; தெளித்தே ஆகவேண்டுமென்றால் தேனீக்கள் அடங்கிய அந்தியில் தெளியுங்கள்.

ஒரே நாளில் அறுப்பது

நடுத்தண்டின் குடை முதலில் முற்றும். கிளைக் குடைகள் பல நாட்கள் பிந்தியே முற்றும். ஒட்டுமொத்தமாக வெட்டினால் பாதி பிஞ்சாகவே போகும். காய்கள் பருத்துப் பச்சை நிறம் மங்கத் தொடங்கிய குடைகளை மட்டும் நான்கைந்து தடவையாகக் கத்தரித்து, நிழலில் துணி விரித்து உலர்த்துங்கள். அடுத்த ஐப்பசிக்கான விதைக்கு மட்டும், நன்கு வளர்ந்த செடியின் நடுக்குடையைச் செடியிலேயே பழுப்பாகும்வரை விட்டுவையுங்கள்.