கார் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றியதும், ஸ்பிரிங் மேல் இனி பாரம் எதுவும் இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. காரின் எடை விலகிய பிறகும், ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த பாகம்) மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே ஸ்பிரிங் அமுங்கியபடியே இருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது ஷாக் அப்சார்பர் தண்டின் உச்சியில் உள்ள ஒரே ஒரு நட். ஸ்பிரிங்கை முதலில் அமுக்கிக் கட்டாமல் அந்த நட்டைக் கழற்றினால், மேல் தட்டோடு சேர்ந்து எல்லாம் ஒரே பாய்ச்சலில் தெறிக்கும். எதிரே முகம் இருந்தால் உயிரே போகலாம்.

எவ்வளவு விசை என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200 கிலோ எடையுள்ள, முன்சக்கரம் இழுக்கும் காரில் சுமார் 60 சதவீத எடை முன்பக்கம் விழும். ஆக, ஒவ்வொரு முன் சக்கரத்தின் பங்கும் ஏறக்குறைய 360 கிலோ. அதைத் தாங்கும் ஸ்பிரிங்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வரக்கூடாது.

இதற்கென்றே ஸ்பிரிங் கம்ப்ரசர் இருக்கிறது. இரண்டு கொக்கித் தண்டுகள் கொண்ட வகை என்றால், அவற்றை நேர் எதிரெதிராக மாட்ட வேண்டும். ஒரு பக்கம் நாலைந்து சுற்று, அப்புறம் மறுபக்கம் நாலைந்து சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒரே பக்கத்தை முறுக்கிக்கொண்டே போனால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து கொக்கி நழுவும். இம்பாக்ட் கன் (நட்டை அடித்து அடித்து முறுக்கும் இயந்திரம்) வைத்து வேகமாக முறுக்குவதும் தவறு. தண்டின் மரை சூடேறி அரிந்துவிடும். ஸ்பிரிங் தன் இருக்கையை, அதாவது அது உட்கார்ந்திருக்கும் தட்டை, விட்டு லேசாக விலகி, கையால் அசைக்க முடிகிற அளவு வந்தால் போதும். அமுக்கிய ஸ்பிரிங்கை அப்படியே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

உடைந்த ஸ்பிரிங் என்றால் இன்னும் கவனம் தேவை. வடிவம் கோணலாக இருப்பதால் கொக்கிக்குச் சரியான பிடிமானம் கிடைக்காது. முன்பின் இந்த வேலை பார்த்திராதவர்கள் ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றி, சுவரிலோ மேசையிலோ பொருத்திய கம்ப்ரசர் உள்ள பட்டறையில் கொடுத்து ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்கிக்கொள்வதுதான் என் கருத்தில் சரி. கழற்றி மாட்டும் வேலையை நீங்களே செய்துகொள்ளலாம்.

பின்பக்கம் பல கார்களில் ஸ்பிரிங் தனியாக, ஷாக் தனியாக இருக்கும். அங்கே கீழ்க்கையை (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ் ஆர்ம்) ஜாக்கியால் தாங்காமல் ஷாக்கின் போல்ட்டை உருவினால் அந்தக் கீழ்க்கை திடீரென்று கீழே இறங்கும், பிரேக் ஹோஸும் சென்சார் வயரும் இழுபடும். தாங்கிப் பிடித்து மெல்ல இறக்குங்கள். காரின் உடல் எப்போதும் ஸ்டாண்ட் மேல்தான் நிற்க வேண்டும், ஜாக்கியை நம்பி அடியில் நுழையக்கூடாது.

சரி, மாற்ற வேண்டியது ஸ்பிரிங்தானா? மேட்டில் ஏறி இறங்கியபின் கார் ரொம்ப நேரம் துள்ளிக்கொண்டே இருந்தால், அது பெரும்பாலும் ஷாக் தேய்ந்ததன் அறிகுறி. எடையைத் தாங்குவது ஸ்பிரிங், துள்ளலை அடக்குவது ஷாக். ஸ்பிரிங் தளர்ந்ததா என்று பார்க்க, சமதளத்தில் டிக்கியைக் காலி செய்து, டயர் காற்றைச் சரிபார்த்து, சக்கர மையத்திலிருந்து மேலே உள்ள வளைவு வரை இருபக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். உடைப்பு பெரும்பாலும் கடைசிச் சுருளில், சேறும் தண்ணீரும் தேங்குகிற கீழ் இருக்கையில் ஒளிந்திருக்கும். கல் பட்டுப் பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு அரித்து, அந்தக் குழியிலிருந்தே விரிசல் தொடங்குகிறது. டார்ச் அடித்துப் பார்க்காவிட்டால் தெரியாது. உடைந்த முனை டயரைக் கிழிக்கக்கூடியது என்பதால், அப்படிக் கண்டால் காரை ஓட்டாதீர்கள்.

ஒரு பக்கம்தானே உடைந்தது என்று ஒன்றை மட்டும் மாற்றுவது பலரும் செய்கிற தவறு. பழையது கொஞ்சம் தளர்ந்திருக்கும், புதியது நிமிர்ந்து நிற்கும், கார் சாய்ந்துபோகும். முன்பக்கம் என்றால் முன்பக்க ஜோடி, பின்பக்கம் என்றால் பின்பக்க ஜோடி.

வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாடலில் டீசல் எஞ்சினுக்கும் பெட்ரோல் எஞ்சினுக்கும் ஸ்பிரிங் வேறாக இருக்கலாம். சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள், பழைய ஸ்பிரிங்கில் உள்ள நிறக் குறிகளையும் ஒப்பிடுங்கள். தளர்ந்த ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே ரப்பர் திணிப்பது, உயரத்தைக் குறைக்கச் சூடுபடுத்துவது, வெட்டுவது எல்லாமே கெடுதல்தான். ரப்பர் வைத்தால் அங்கே சுருள் வேலை செய்யாமல் மற்றச் சுருள்கள் கூடுதல் பாரம் சுமக்கும். சூடு பட்டால் எஃகின் பதம் போய்விடும். வெட்டிய ஸ்பிரிங் கெட்டிப்படும், சக்கரம் தொங்கும்போது இருக்கையைவிட்டே விலகவும் கூடும்.

மாட்டும்போது சுருளின் முனை இருக்கையில் உள்ள படியில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல் கீழ் மாறிவிடக்கூடாது. ஷாக் தண்டைக் குறட்டால் பிடித்துக் கீறிவிட்டால் சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகும். புதிய ஸ்பிரிங்கின் பூச்சு கீறுபட்டாலும் துரு அங்கிருந்தே தொடங்கும். மேல் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது மோதலைத் தாங்கும் ரப்பர்) தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், பிறகு மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும். தானாக இறுகும் லாக் நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: கீழ்க்கையின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்குவது. கார் தரையில் இறங்கியதும் அந்தப் புஷ் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழிந்துபோகும். எடை சக்கரத்தில் இறங்கிய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்கள். உயரம் மாறினால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) மாறும். ஹெட்லைட் கோணத்தையும் சரிபாருங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளின் இறுக்கத்தைப் பார்த்து, முன்பு அளந்த அதே இடத்தில் உயரத்தை இன்னொரு முறை அளந்து குறித்து வையுங்கள்.