தாய் உருவகங்களை வேதபாடமாக எடுப்பது எப்படி?

வேலூர்ப் பக்கத்துச் சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு வேதபாடம் நடத்துகிறவர்கள், புதிய ஏற்பாட்டின் தாய் உருவகங்களை எல்லாம் ஒன்றாகத் திரட்டித் ‘தாயன்பு’ என்று தலைப்பிடும் வழக்கத்தை முதலில் விட்டுவிட வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் தாய் யார், பிள்ளை யார், கேட்பவரிடம் அந்தப் பேச்சு எதை எதிர்பார்க்கிறது என்று விசாரித்தால்தான் பாடம் நகரும்.

1 தெசலோனிக்கேயர் 2:7இல் தொடங்குவது எளிது. ஏறக்குறைய கி.பி. 50இல் எழுதப்பட்ட அக்கடிதத்தில், அப்போஸ்தலர் என்ற அதிகாரத்தைக் காட்டியிருக்கக்கூடிய பவுல், அதைத் தவிர்த்துத் தம்மைப் பால்கொடுக்கிறவளுக்கு ஒப்பிடுகிறார். 11ஆம் வசனத்தில் தகப்பனாகவும் பேசுகிறார். இரண்டையும் சேர்த்தே வாசிக்கச் சொல்லுங்கள். பால் எல்லா இடத்திலும் பாராட்டு அல்ல: 1 கொரிந்தியர் 3:2இல் அது கண்டிப்பு, 1 பேதுரு 2:2இல் வாஞ்சிக்கத்தக்கது.

கலாத்தியர் 4:19க்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ஏற்கெனவே பெற்ற பிள்ளைகளுக்காக மறுபடியும் கர்ப்பவேதனைப்படுவதாகப் பவுல் எழுதுகிறார். வேதனை அவருடையது, ஆனால் உருவாக வேண்டியவரோ கலாத்தியருக்குள் கிறிஸ்து. அடுத்த வசனத்திலேயே அவர்களைக் குறித்துச் சந்தேகப்படுவதாகச் சொல்லிவிடுகிறார், ஆகவே இது கொஞ்சல் அல்ல. இந்த வேதனையை இனிமையாக்கிப் பேசுவது நம் ஊருக்குப் பொருந்தவே பொருந்தாது: திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததை அறிந்து மருத்துவம் படிக்கப் போன அமெரிக்க மிஷனெரி ஐடா ஸ்கடர், திரும்பிவந்து 1900இல் மருத்துவப் பணியைத் தொடங்கியது வேலூரில்தான். கூட்டத்தில் பிரசவ வார்டில் வேலை பார்த்த செவிலியர் இருந்தால், அவரையே வசனத்தை வாசிக்கச் சொல்லி, அவர் பேசி முடிக்கும்வரை நீங்கள் விளக்கம் சொல்லாமல் இருங்கள்.

எருசலேமின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள விரும்பிய இயேசு தம்மைக் குஞ்சுகளைக் கூட்டும் கோழிக்கு ஒப்பிடும் பகுதியை மத்தேயு 23:37இல் எடுப்பதைவிட லூக்கா 13இல் எடுப்பது என் விருப்பம். அங்கே இரண்டு வசனங்களுக்கு முன்னர்தான் இயேசு ஏரோதை நரி என்கிறார். நரி நடமாடும் இடத்தில் சிறகை விரிக்கிற கோழி தன் உயிரையே முன்வைக்கிறது. குஞ்சுகளோ வர மனதில்லாமல் இருக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டாம்.

தேர்ந்த குழுவாக இருந்தால், இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆதித் திருச்சபையின் இறையியல் ஆசிரியரான அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து, கிறிஸ்துவைப் பிதா ஊட்டும் பால் என்று எழுதியதையும் சேர்க்கலாம். முதல் கூட்டத்திலேயே அதை எடுத்தால் மூத்த அம்மாக்கள் முகம் சுளிப்பார்கள். பேதுருவின் வசனம் நன்றாகப் பழகிய பிறகு எடுங்கள்.