கையில் இருப்பது எந்த ட்ரவுட்: ஃபிளை தூண்டில் போடுபவருக்கு ஒரு வழிகாட்டி

குளிர்நீர் மீனான ட்ரவுட்டுக்கு ஃபிளை, அதாவது முள்ளில் இறகும் நூலும் கட்டிப் பூச்சிபோல் செய்த போலி இரை, கொண்டு தூண்டில் போடுபவர் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பழக வேண்டும். இந்த இனம் இந்த ஆற்றுக்கு உரியதா என்பது முதல் கேள்வி. இந்த மீன் எங்கே பிறந்தது என்பது இரண்டாவது. மனிதர் கொண்டுவந்து சேர்க்காமல் தொன்றுதொட்டு ஒரு நீர்ப்பரப்பில் வாழ்ந்துவரும் இனமே அங்கு பூர்வீக இனம். ஆற்றின் கூழாங்கல் படுகையில் பொரித்து, அங்கேயே வளர்ந்த மீன் ஆற்றில் பிறந்த மீன். அதன் மூதாதையர் கடல் கடந்து வந்திருந்தாலும் அதில் மாற்றமில்லை. பொரிப்பகத்தில் வளர்த்து, லாரியில் ஏற்றிவந்து விடப்பட்டது இருப்பு செய்யப்பட்ட மீன். எந்த ஃபிளையைக் கட்டுவது, எப்படி அணுகுவது, பிடித்ததை வைத்துக்கொள்வதா விடுவதா என்ற முடிவுகள் அனைத்தும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைகின்றன.

இதைக் கற்றுக்கொள்ள அமெரிக்காவின் கிழக்கிலுள்ள அப்பலாச்சிய மலைத்தொடர், குறிப்பாகப் பென்சில்வேனியா மாநிலம், மிகப் பொருத்தமான இடம். அங்குள்ள ஓடைகளுக்குப் பூர்வீகமானது புரூக் ட்ரவுட் ஒன்றே. ரெயின்போ ட்ரவுட் பசிபிக் கரையோரத்தைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கலிபோர்னியாவிலிருந்து கிழக்கே கொண்டுவரப்பட்டது. பிரவுன் ட்ரவுட்டின் முட்டைகள் 1883-இல் ஜெர்மனியிலிருந்து வந்தன; மறு ஆண்டே மிச்சிகன் மாநிலத்து ஆறு ஒன்றில் அதன் குஞ்சுகள் விடப்பட்டன. இன்று அப்பலாச்சிய ஆறுகளில் தலைமுறை தலைமுறையாகப் பெருகிவரும் பிரவுன் ட்ரவுட் ஆற்றில் பிறந்ததுதான், ஆனால் பூர்வீகம் அன்று. நம் நீலகிரிக்கும் இதே கணக்கு பொருந்தும். இந்தியாவுக்கென்று பூர்வீக ட்ரவுட் எதுவும் கிடையாது. அவலாஞ்சிப் பக்கத்து ரெயின்போ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன்வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் எடுத்த முயற்சியால் குடியேறிய இனம்.

ஆற்றுக்குப் புறப்படும் முன்பே பாதி விடை கிடைத்துவிடும். பென்சில்வேனியாவின் மீன் மற்றும் படகு ஆணையம், எந்த நீர்நிலைகளில் மீன் இருப்பு செய்யப்படுகிறது என்ற அட்டவணையையும், எந்த ஓடைகளில் ட்ரவுட் தானாகவே இனப்பெருக்கம் செய்கிறது என்ற பட்டியலையும் தனித்தனியே வெளியிடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஓடை இரண்டிலும் இடம்பெற்றிருந்தால், அங்கே பிடிக்கும் ஒவ்வொரு மீனையும் உற்று நோக்கியே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

இனத்தை அடையாளம் காண்பது எளிது. புரூக் ட்ரவுட்டின் கருத்த உடலில் வெளிர்ப் புள்ளிகளும், முதுகில் புழு நெளிந்ததைப் போன்ற கோடுகளும் இருக்கும். அடிப்புறத் துடுப்புகளின் முன்விளிம்பு தூய வெண்மையாகவும், அதையொட்டி ஒரு கறுப்புக் கோடாகவும் இருக்கும். பிரவுன் ட்ரவுட்டில் இது தலைகீழ்: வெளிர் பழுப்பு உடலில் கரும்புள்ளிகள், அவற்றினிடையே சில சிவப்புப் புள்ளிகள். ரெயின்போவுக்கு வால் துடுப்பு முழுவதும் சிறு கரும்புள்ளிகள் பரவியிருக்கும். பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும்.

பிறந்த இடத்தைக் கண்டறிவதற்கே கூர்ந்த பார்வை வேண்டும். நிறத்தை நம்ப வேண்டாம். பொரிப்பக மீனும் சில மாதங்கள் ஆற்றுப் பூச்சிகளைத் தின்றால் நிறம் தேறிவிடும். துடுப்புகளைப் பாருங்கள். சிமென்ட் தொட்டியில் நெருக்கடியில் வளரும் மீன்கள் சுவரில் உரசியும் ஒன்றையொன்று கடித்தும் துடுப்புகளை இழக்கின்றன. முதுகுத் துடுப்பை விரலால் மெல்ல நிமிர்த்தினால், பொரிப்பக மீனில் அதன் மேல்விளிம்பு குட்டையாகத் தேய்ந்தும், துடுப்பைத் தாங்கும் கதிர்கள் வளைந்து தடித்தும் இருப்பது தெரியும். மார்புத் துடுப்புகள் மொட்டையாகவும், வால் முனைகள் மழுங்கியும் காணப்படும். ஆற்றில் பிறந்த மீனின் துடுப்போ ஒளி ஊடுருவும் மென்மையுடன், விளிம்பு சிதையாமல், கதிர்கள் நேராக விரியும். ஆயினும் விரலளவுக் குஞ்சாகவே விடப்பட்ட மீன் ஆற்றில் வளர்ந்து பெரிதானால், துடுப்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அத்தகைய இடங்களில் இருப்பு அட்டவணையே துணை. அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களில் பொரிப்பக ஸ்டீல்ஹெட் (கடலுக்குச் சென்று திரும்பும் ரெயின்போ) மீன்களின் கொழுப்புத் துடுப்பை, அதாவது முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையிலுள்ள சிறு சதைத் துடுப்பை, வெட்டி அடையாளமிடுவதால், அங்கே இந்தச் சிக்கல் பெரிதும் குறைகிறது.

இருப்பு செய்யப்பட்ட மீன்கள், விடப்பட்ட புதிதில், லாரி நின்ற பாலத்துக்கும் சாலையோர மடுக்களுக்கும் அருகிலேயே கூட்டமாக நிற்கும். குருணைத் தீவனத்துக்குப் பழகிய அவை, அசைவும் பளிச்சென்ற நிறமும் உள்ள பொருளைச் சோதித்துப் பார்க்கும். ஊலி பக்கர் எனும் பஞ்சுபோன்ற வால் கொண்ட ஃபிளை, முட்டை வடிவ ஃபிளை, புழு வடிவ ஃபிளை ஆகியவை இங்கு நன்றாக வேலை செய்யும். புதிதாகக் கற்பவர்களுக்கு இந்த மீன்கள் நல்ல ஆசான்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. மீன் கடிப்பதை உணரவும், இழை அறாமல் இழுத்துக் கரைசேர்க்கவும் இவற்றிடமே பழக வேண்டும்.

ஆற்றில் பிறந்த பிரவுன் ட்ரவுட்டிடம் இந்த முறை பெரும்பாலும் செல்லாது. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால், கீழ்ப்புறமிருந்து மேல்நோக்கி, குனிந்து, கற்களை உருட்டாமல் நடக்க வேண்டும். அந்த நேரத்தில் எந்தப் பூச்சி நீரிலிருந்து எழுகிறது என்பதைப் பார்த்து, அதே அளவும் வடிவமும் உள்ள ஃபிளையைக் கட்ட வேண்டும். அளவு தவறினால் நிறம் சரியாக இருந்தும் பயனில்லை. இவையனைத்தையும்விட முக்கியமானது, ஃபிளை நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதந்துவருவது. இழை இழுத்து ஃபிளை சிறிதளவு குறுக்கே நகர்ந்தாலும் மீன் ஒதுங்கிவிடும். எறிந்தவுடன் இழையின் நடுப்பகுதியை எதிரோட்டப் பக்கமாகத் தூக்கி மாற்றிவைப்பது இதைத் தடுக்கும்.

மலையுச்சி ஓடைகளின் பூர்வீக புரூக் ட்ரவுட் வேறு சுபாவம் கொண்டது. உணவு குறைந்த குளிர்நீரில் வாழ்வதால், கிடைத்ததைப் பாய்ந்து பிடிக்கும். எல்க் ஹேர் கேடிஸ் போன்ற நன்றாக மிதக்கும் ஃபிளை ஒன்றே போதும். ஆனால் உங்கள் நிழல் நீரில் விழுந்த கணமே மடு காலியாகிவிடும். புதர் மண்டிய கரையில் தூண்டில் கோலை வீசி எறிய இடமிருக்காது. ஃபிளையை முள்ளின் வளைவில் விரல்களால் பிடித்து, கோலை வில்லாக வளைத்து விட்டுவிடும் முறையே அங்கு உதவும். உள்ளங்கையளவே வளரும் இந்த மீனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இந்த ஓடைகளில் நான் மிகவும் மதிப்பது இதையே. அந்த மலைக்கு வேறெங்கிருந்தும் வராத ட்ரவுட் இதுதான்.

அதனாலேயே இதைக் கையாள்வதில் கண்டிப்பு வேண்டும். வெப்பமானியை உடன் வைத்திருங்கள். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள், ஏனெனில் சூடான நீரில் களைத்த மீன் விடுவித்த பிறகும் இறக்கக்கூடும். தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீளும் சிறு கொக்கியை இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்குங்கள். கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள். புரூக், பிரவுன் இரண்டும் இலையுதிர் காலத்தில் முட்டையிடும். ரெயின்போ பெரும்பாலும் வசந்தத்தில். ஓடையடியில் பாசி நீங்கி, சுற்றிலும் உள்ளதைவிட வெளுத்துத் தெரியும் கூழாங்கல் திட்டு முட்டைப் படுகையாக இருக்கலாம். அதை மிதிக்காமல் சுற்றிச் செல்லுங்கள், அங்கே நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடாதீர்கள்.

இருப்பு செய்யப்பட்ட மீனைச் சட்டம் அனுமதிக்கும் அளவில் சமைத்துண்ணத் தயங்க வேண்டியதில்லை. பிடித்து எடுப்பதற்காகவே அவை விடப்படுகின்றன. ஆற்றில் பிறந்த மீனை, அது பூர்வீகமோ இல்லையோ, விட்டுவிடுவதே பொதுவாக நல்லது. மொன்டானா மாநிலத்தின் மேடிசன் ஆற்றில் மீன்வள உயிரியலாளர் டிக் வின்சென்ட் நடத்திய ஆய்வில், பொரிப்பக மீன்களை விடுவதை நிறுத்தியதும் ஆற்றில் பிறந்த மீன்கள் பெருகியது தெரியவந்தது. அதன் பின் 1974-இல், தாமாகவே இனம்பெருக்கும் ட்ரவுட் உள்ள ஆறுகளில் இருப்பு செய்வதை அம்மாநிலம் கைவிட்டது. ஆனால் இடம் மாறினால் விதியும் மாறும். கிழக்கில் போற்றிக் காக்க வேண்டிய அதே புரூக் ட்ரவுட், மேற்கிலுள்ள ராக்கி மலை ஓடைகளில் அங்கு பூர்வீகமான கட்த்ரோட் ட்ரவுட்டை விரட்டும் வந்தேறி. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் யெல்லோஸ்டோன் ஏரியில் 1994-இல் கண்டறியப்பட்ட, அங்கு பூர்வீகமல்லாத லேக் ட்ரவுட்டைப் பிடித்தவர் அதைக் கொல்ல வேண்டும் என்பதே பூங்காவின் விதி. எனவே உள்ளூர் விதிகளை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் படியுங்கள்.

ஓர் ஓடையிலிருந்து இன்னொன்றுக்கு உயிருள்ள மீனை ஒருபோதும் கொண்டுசெல்லாதீர்கள். காலணியும் கைவலையும்கூட நோய்க்கிருமிகளைச் சுமக்கும். சேற்றைக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த நீரில் இறங்குங்கள்.